கொறங்காட்டைத் தரிசுக் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரத்தில் சும்மா கிடக்கும் தரிசு நிலங்களில் சூரிய மின் நிலையம் அமைப்பது பற்றி உங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். அதனுடன் போட்டிருந்த படத்தில் இருந்தது கொறங்காடு. சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே காய்ந்த கொழுக்கட்டைப் புல். அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை, ஐயா. அடுத்த மழைக்காக ஆடு விடாமல் சாத்தி வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். நெல் வயலை அறுவடை முடிந்த மறுநாள் படம் எடுத்துத் தரிசு என்று யாரும் போடுவதில்லை. எங்கள் காட்டுக்கு மட்டும் ஏன் அப்படி என்பதுதான் என் வருத்தம்.

நான் மூலனூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர் கொறங்காடு. என் மாமனார் காலத்திலேயே நான்கு துண்டாக வேலி போட்டுப் பிரித்தது. அதில் மேச்சேரி இனச் செம்மறியில் முப்பது பெட்டாடுகளும் ஒரு கிடாயும் மேய்கின்றன. வீட்டுக்கு இரண்டு காங்கேயம் மாடு. கிணற்றில் தண்ணீர் குடிக்கத்தான் காணும், பாசனத்துக்குக் காணாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர்கள் இவை. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். செம்மண்ணும் வெங்கச்சாங்கல்லும் கலந்த மேட்டு நிலம். இந்த மண்ணில் வேறு எந்த வெள்ளாமை வைத்தாலும் மூன்று வருடத்தில் ஒரு வருடம்தான் வீடு வந்து சேரும். புல் மட்டும் எல்லா வருடமும் வரும், அதை வர விட்டால். அந்த ‘வர விட்டால்’ என்பதில்தான் எங்கள் வேலை முழுவதும் இருக்கிறது.

ஆட்டைப் பட்டியிலிருந்து திறந்துவிட்டால் அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டு வரும், இதில் என்ன விவசாயம் என்று படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். அதனால் எங்கள் வருடம் எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மழை விழுந்ததும் புல் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். பச்சையைப் பார்த்ததும் ஆட்டை விடத்தான் கை பரபரக்கும். ஆறு மாதம் காய்ந்ததைத் தின்ற ஆடுகளும் பட்டியை அடைத்திருக்கும் தட்டியான படலை முட்டிக்கொண்டு கத்தும். அப்போது விடக் கூடாது. கொழுக்கட்டைப் புல்லின் வேர் ஆழமாகப் போகும், எந்தக் கோடையையும் தாங்கும். ஆனால் துளிர் விட்ட வேகத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கடிக்க விட்டால் தூர் செத்துப்போகும். செம்மறியின் உதடு மண்ணோடு ஒட்டி மேயும். மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேலே மேயும். செம்மறி அடி வரைக்கும் கொறித்துவிடும். அதனால் முதல் மழைக்குப் பிறகு ஒரு மாதமாவது மூன்று துண்டுகளைச் சாத்திவிட்டு, ஒரே ஒரு துண்டில் ஆட்டை வைத்துச் சோளத்தட்டும் கடலைக்கொடியும் போட்டுச் சமாளிப்போம். இதற்காகவே தட்டுப்போரில் ஒரு பங்கைப் புரட்டாசிக்கென்று தொடாமல் வைத்திருப்போம்.

புல் முழங்கால் உயரம் வந்ததும் முதலில் மாடு இறங்கும், பின்னால் ஆடு. ஒரு சாண் புல் தரையில் மிச்சம் இருக்கும்போதே அடுத்த துண்டுக்கு மாற்றிவிட வேண்டும். இன்னும் நாலு நாள் ஓட்டலாமே என்று தோன்றும். அந்த நாலு நாளில் தின்னும் புல், அடுத்த சுற்றில் வர வேண்டிய பத்து நாள் புல். மழைக்காலத்தில் மேய்ந்த துண்டுக்கு ஒரு மாத ஓய்வு போதும். மழை விட்டபின் அந்தக் கணக்கு செல்லாது, புல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்கு துண்டில் ஒன்றை ஒவ்வொரு வருடமும் கதிர் முற்றி விதை உதிரும் வரைக்கும் தொடவே மாட்டோம். இந்த வருடம் கிழக்குத் துண்டு என்றால் அடுத்த வருடம் தெற்கு. கொழுக்கட்டை விதை புதிதாக உதிர்ந்ததும் சரியாக முளைக்காது, ஆறேழு மாதம் கிடந்து உறக்கம் தெளிந்தால்தான் முளைக்கும். மார்கழியில் உதிர்ந்தது கோடையெல்லாம் மண்ணில் கிடந்து அடுத்த மழைக்கு எழும். எங்கெல்லாம் வழுக்கையாக இருக்கிறதோ அங்கே தூவுவதற்கு நாங்களும் கையால் உருவிக் கோணிப்பையில் கட்டி வைப்போம். கூடவே முயல் மசாலும் நரிப்பயறும் கொஞ்சம் தூவுவோம். வெறும் புல்லைவிடப் பயறுவகை கலந்த மேய்ச்சலில் ஆட்டின் உடம்பு நன்றாகப் பிடிக்கும்.

மரமும் அப்படித்தான். வெள்வேல மரத்துக்கு அடியில் புல் நன்றாக வளரும், அதன் நிழல் கனமில்லாத நிழல். கோடையில் தரையில் ஒன்றும் இல்லாதபோது வேலங்காய் உதிர்ந்து ஆட்டைக் காப்பாற்றும். காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையில் விதை விழுந்து பட்டி போட்ட இடமெல்லாம் தானாகக் கன்று முளைக்கும். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சீமைக்கருவேல நெற்றும் இதே வழியில்தான் பரவுகிறது. இட்டேரி ஓரம், அதாவது காடுகளின் வேலிகளுக்கு நடுவே போகும் வழி ஓரம், இருக்கும் சீமைக்கருவேலத்தில் ஆடு வாய் வைத்துவிட்டு வந்தால் அடுத்த மழைக்குக் காட்டுக்குள் கன்று நிற்கும். மண் ஈரமாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். ஒரு வருடம் விட்டால் கடப்பாரை, இரண்டு வருடம் விட்டால் ஜேசிபி. மேலே வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகக் கிளம்பும்.

நோய் விஷயத்திலும் மேய்ச்சலுக்குப் பெரிய பங்கு உண்டு. மழைக்காலத்தில் காலைப் பனியோடு ஆட்டை விட்டால் ஈரப் புல்லின் நுனிக்கு ஏறியிருக்கும் வயிற்றுப்புழுக் குஞ்சுகள் ஆட்டுக்குள் போகும். வெயிலேறிப் பனி காய்ந்த பிறகுதான் படலைத் திறப்போம். காய்ந்த தீவனத்திலிருந்து திடீரென்று இளம்புல்லுக்கு மாறினால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். சாயங்காலம் நன்றாக இருந்த குட்டி, அதுவும் கொழுத்த குட்டியாகப் பார்த்து, விடிவதற்குள் கால் உதைத்துக்கொண்டு செத்துக் கிடக்கும். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டு, முதல் சில நாள் தட்டைப் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டு அப்புறம் புல்லில் விட்டால் பயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொசு மாதிரி சின்னப் பூச்சிகள் கடித்து நீலநாக்கு நோய் வரும். அதற்கும் தடுப்பூசி இருக்கிறது. இந்த ஊசிகளெல்லாம் புரட்டாசிக்குள் போட்டால்தான் பலன். மழை பிடித்து, ஆடு படுத்த பிறகு ஊசி வந்து என்ன பயன்? எங்கள் பக்கம் ஒரு வருடம் அப்படித்தான் தீபாவளி கழித்து வந்தது. அதற்குள் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஏழு ஆடு போய்விட்டது.

மழை பெய்தபின் முளைவிடும் இளஞ்சோளத்தையும் அறுத்த தாளில் கிளம்பும் மறுதாம்பையும் பற்றிப் புதிதாக ஆடு வளர்க்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அதில் சயனைடு விஷம் உண்டு. வாடி நிற்கும் பயிரில் இன்னும் அதிகம். பசித்த ஆட்டை அதில் விட்டால் மருத்துவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

வருடத்தில் பெரிய முடிவு தை மாதத்தில்தான். மழை முடிந்து, இனி புரட்டாசி வரைக்கும் இருப்பதுதான் இருப்பு என்று தெரிந்துவிடும். நானும் வீட்டுக்காரரும் நான்கு துண்டையும் நடந்து பார்ப்போம். எங்கே தொடை உயரம் நிற்கிறது, எங்கே வெளிறிவிட்டது, தட்டுப்போர் எவ்வளவு, வேல மரத்தில் பூப் பிடித்தது எப்படி. இதையெல்லாம் பார்த்து எத்தனை வாயை ஆவணி வரைக்கும் நிறுத்த முடியும் என்று முடிவெடுப்போம். ஒரு மேச்சேரிப் பெட்டாடு இருபத்திரண்டு, இருபத்தைந்து கிலோ இருக்கும். அதற்கு நாளொன்றுக்குக் காய்ந்த கணக்கில் முக்கால் முதல் ஒரு கிலோ தீவனம் வேண்டும். இருப்பது முப்பதுக்குக் காணாது என்றால் பல் தேய்ந்ததையும் குட்டி தங்காததையும் மாசியிலேயே விற்றுவிட வேண்டும். ஆடியில் கிடாய் சேர்ப்பதால் மார்கழியில் குட்டி விழும், தாய்க்குப் பால் சுரக்கப் பச்சைப்புல் இருக்கும். அந்தக் கிடாய்க்குட்டிகள் சித்திரைக்குள் கன்னிவாடிச் சந்தைக்குப் போய்விடும். கோடை முற்றும் முன் கூட்டத்தைக் குறைப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வைகாசியில், எல்லோரும் தீவனம் இல்லாமல் ஓட்டிக்கொண்டு வரும்போது சந்தைக்குப் போனால் வியாபாரி சொன்னதுதான் விலை. புல்லைக் கணக்குப் போடத் தெரியாதவர் ஆட்டையும் இழப்பார், காட்டையும் இழப்பார்.

ஆட்டைக் குறைக்காமல் அப்படியே ஓட்டினால் காடு எப்படிப் போகும் என்பதை எங்கள் ஊரிலேயே பார்க்கலாம். சொந்தக்காரர் திருப்பூரில் இருப்பார். காட்டை ஒரு வருடக் குத்தகைக்கு விடுவார். குத்தகைக்காரர் கொடுத்த பணத்தை அந்த ஒரு வருடத்துக்குள் எடுத்தாக வேண்டும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அடுத்த வருடம் அந்தக் காடு அவருக்கு வருமோ வராதோ. புல்லை வேர் வரைக்கும் மேய்த்துவிடுவார். கதிர் என்ற ஒன்றே வராது. மூன்று குத்தகை இப்படிப் போனால் கொழுக்கட்டை மறைந்து ஊசிப்புல்லும் பார்த்தீனியமும் ஏறும், மழைத் தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அதன்பிறகுதான் உண்மையாகவே தரிசு. குத்தகையைக் குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுதி, வருடத்துக்கு ஒரு துண்டு விதைக்கு விட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டால் இதைத் தடுக்கலாம். நிலத்துக்காரர்கள் பலர் உங்கள் நாளிதழ் வாசகர்கள்தான். அவர்களிடம் இதை வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. எங்கள் அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர்கள் எழுதும் பயிர்க் கணக்கில், பல வருடமாகத் ‘தரிசு’ என்றே எழுதி வருகிறார்கள். கேட்டால், பயிர் இல்லையே அம்மா, நான் என்ன எழுத என்கிறார்கள். ஊர்ப் பொது மேய்ச்சல் புறம்போக்குக்குக் கணக்கில் இடம் இருக்கிறது. பட்டா நிலத்தில் ஒரு குடும்பம் தலைமுறையாக வளர்க்கும் புல்லுக்கு மட்டும் எழுத இடம் கிடைக்கவில்லை. இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று நினைக்கலாம். வறட்சி வந்தால் பயிர் இழப்பு இழப்பீட்டில் கொழுக்கட்டைப் புல் சேராது, ஏனென்றால் கணக்கில் பயிரே இல்லை. வங்கிக்குப் போனால் தரிசுக்கு என்ன கடன் என்பார்கள். மின் நிலையத்துக்கு இடம் தேடுபவர்கள் வந்தால் முதலில் பார்ப்பதும் அந்தக் கணக்கைத்தான். நாடு முழுவதற்கும் தயாரிக்கப்படும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் புதர் நிலமும் தரிசு வகைகளாகவே இடம் பெறுகின்றன. மேலிருந்து கீழ்வரை கணக்கு இப்படி இருந்தால், செய்தி எழுதியவரை மட்டும் நான் எப்படிக் குறை சொல்வது?

உதவித் திட்டங்களும் எங்களை எட்டவில்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் செம்மறிப் பண்ணைக்குப் பாதி மானியம் உண்டு. ஆனால் குறைந்தது 100 பெட்டையும் 5 கிடாயும் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் மழையை நம்பி மேய்க்கும் யார் 100 ஆடு வைத்திருக்கிறார்கள்? என் பன்னிரண்டு ஏக்கரில் நூறு ஆட்டை விட்டால் ஒரே கோடையில் காடு மொட்டையாகிவிடும். அது கொட்டகை கட்டி, தீவனம் வாங்கிப் போட்டு வளர்ப்பவர்களுக்கான திட்டம். அவர்களும் பிழைக்கட்டும். 2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருக்கின்றன. அவற்றில் மேய்ச்சலை நம்பி இருபதும் முப்பதுமாக வளர்ப்பவர்களுக்கு ஆட்டை அதிகமாக்கும் மானியம் தேவையில்லை. கிளுவைக் கிளைத்துண்டு (போத்து) நட்டு வேலியை அடைக்க, சீமைக்கருவேலத்தை எடுக்க, நல்ல கொழுக்கட்டை விதை வாங்க உதவினாலே போதும். ஒரு ஏக்கர் வேலிக்குக் கம்பியும் கல்லும் போடும் செலவில் பல ஏக்கருக்குக் கிளுவை வேலி அடைத்துவிடலாம். ஆள் கூலிதான் செலவு. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேலி அடைக்க நன்றாகவே தெரியும்.

சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் கரண்ட் எரிகிறது. ஆனால் உண்மையிலேயே ஒன்றும் விளையாத கல்லாங்காடு இதே வட்டாரத்தில் இருக்கும்போது கொறங்காட்டை ஏன் தேட வேண்டும்? இங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால், புல்லை அடியோடு சுரண்டி எறியாமல், மரத்தை வேரோடு சாய்க்காமல் செய்யட்டும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் மின்தகடுகளுக்கு அடியில் செம்மறிகளை மேய விடுகிறார்கள், புல் வெட்டும் கூலி மிச்சம் என்று ஆட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பவர்களும் உண்டு. செம்மறி வெள்ளாட்டைப் போலத் தாவி ஏறாது, ஒயரைக் கடிக்கிற குணமும் குறைவு. தகடுகளைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் நிழலுக்கு நிழல், மேய்ச்சலுக்கு மேய்ச்சல். ஒப்பந்தம் போடும்போதே இதை எழுதி வாங்கச் சொல்லி நிலத்துக்காரர்களுக்கு வேளாண் துறை வழிகாட்டலாமே.

நாய்த் தொல்லையையும் இங்கே சொல்லியாக வேண்டும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்தில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதும், செத்த ஆடுகளோடு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததும் உங்கள் நாளிதழிலேயே வந்தது. இதனால் மேய்ச்சல் முறையே மாறிவிட்டது. முன்பெல்லாம் பட்டியைக் காட்டிலேயே போட்டு, நாலு நாளுக்கு ஒருமுறை படலை நகர்த்துவோம். நிலம் முழுவதற்கும் எரு பரவும். இப்போது பயந்துகொண்டு ஆடுகளைப் பொழுது சாய வீட்டுப் பக்கம் ஓட்டி வந்து அடைக்கிறோம். எரு ஒரே இடத்தில் குவிகிறது, காடு மெலிகிறது. தினமும் போகவர நடப்பதில் ஆட்டின் மேய்ச்சல் நேரமும் குறைகிறது. இரண்டு வருடத்தில் எங்கள் இட்டேரியில் மட்டும் மூன்று வீட்டார் ஆட்டை விற்றுவிட்டார்கள். விற்ற வீட்டுக் காடுதான் அடுத்து மனைக்கோ மின்சாரத்துக்கோ போகும். செத்த ஆட்டுக்கு இழப்பீடு தருவது நல்லதுதான். கூடவே நாய்களுக்குக் கருத்தடை செய்வதும், சந்தை ஓரத்தில் கோழிக்கழிவையும் இறைச்சிக் கழிவையும் கொட்டுவதைத் தடுப்பதும் உள்ளாட்சியின் கையில்தான் இருக்கிறது.

2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் சமூகத்தாருக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை 2022 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போடுகிறார்கள். கொறங்காட்டுக்கு அதில் ஒரு வரி போட இதைவிட நல்ல சமயம் இல்லை. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1978 முதல் இயங்குகிறது. இனத்தைக் காக்க நிலையம் அமைத்த அரசுக்கு, அந்த இனம் மேயும் நிலத்தைக் காக்கும் பொறுப்பும் உண்டு. திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர்கள் இந்த அடங்கல் எழுதும் பருவத்திலேயே கிராம நிர்வாக அலுவலர்களை அனுப்பி, கிளுவை வேலிக்குள் புல் நிற்கும் பட்டா நிலங்களை மேய்ச்சல் நிலம் என்று பதியச் சொல்ல வேண்டும். கார்த்திகையில் வந்து பார்க்கட்டும். எந்தத் துண்டு மேய்ந்தது, எது ஓய்வில் இருக்கிறது, எது விதைக்கு விட்டது என்று ஒவ்வொன்றாக நானே கூட நடந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கொறங்காட்டு விவசாயி ஒருவர்,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.